பரீட்சை வைக்காத புத்தகம்

ஜூன் பிறந்து பள்ளிகள் திறக்கும் நேரத்தில், புனேயின் அப்பா பல்வந்த் சௌக்கில் கால் வைக்க இடம் இருக்காது. சனிவார்வாடாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இந்த நாற்சந்தியை ஊர்க்காரர்கள் ‘ஏபிசி’ என்றே சொல்வார்கள். பேஷ்வா காலத்து சர்தார் ஒருவரின் பெயரைத் தாங்கிய இடம். இன்று புனேயின் பெரிய புத்தகச் சந்தை. பள்ளிக்கூடம் கொடுத்த பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாக்களும் அம்மாக்களும் கடை வாசலில் முண்டியடிப்பார்கள். கடைக்காரர் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாடப்புத்தகக் கட்டு, நோட்டு, கைடு, பிரவுன் அட்டை என்று மளமளவென அடுக்கிவிடுவார். பணத்தைக் கொடுத்துப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சற்றுத் தள்ளி, அதே தெருவில், நாவலும் சிறுகதையும் வாழ்க்கை வரலாறும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் கடைகள் உண்டு. அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மில் பலர் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கிய புத்தகம், கடைசியாக எழுதிய பரீட்சைக்கான கைடுதான். அதுவரை வந்த புத்தகங்கள் எல்லாம் ஒரு கட்டளையோடு வந்தன. படி, மனப்பாடம் செய், எழுது, மதிப்பெண் வாங்கு. பரீட்சை முடிந்த நாளில் புத்தகத்துக்கும் விடை கொடுத்தாயிற்று. ‘எனக்குப் படிக்கிற பழக்கம் இல்லைங்க’ என்று ஒரு நாற்பது வயதுக்காரர் சொல்லும்போது, அவர் வெறுப்பது கதையை அல்ல, அந்தக் கட்டளையை. அவருக்குப் புத்தகம் பரிசளிக்க நினைப்பவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். நாம் கொடுக்கும் புத்தகம் அவருக்கு இன்னொரு பரீட்சை வைக்கக் கூடாது.

பிரச்சினை என்னவென்றால், நாம் பெரும்பாலும் பரீட்சையைத்தான் பரிசாகக் கொடுக்கிறோம். பதவி உயர்வு கிடைத்தவருக்குத் தலைமைப் பண்பு பற்றிய நூல். உடம்பு பெருத்தவருக்கு உணவுக் கட்டுப்பாட்டு நூல். வேலை போனவருக்குத் தன்னம்பிக்கை நூல். வாங்கிக்கொள்கிறவர் சிரித்துக்கொண்டே நன்றி சொல்வார். ஆனால் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில், இவர் என்னிடம் என்ன குறை கண்டார் என்பது அவருக்குப் புரிந்துவிடும். அந்தப் புத்தகம் திறக்கப்படாது.

இன்னொரு வகைப் பரிசு, நமக்கு உயிராக இருக்கும் புத்தகத்தை அவர் தலையில் ஏற்றுவது. ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022இல் வந்த பிறகு ஐந்து பாகங்களையும் பெட்டியோடு வாங்கிப் பரிசளித்தவர்கள் எத்தனையோ பேர். கல்கி அதை எழுதியது 1950 முதல் 1954 வரை, வாராவாரம், பத்திரிகையில். அன்றைய வாசகர் ஒரு வாரத்துக்கு ஒரு சிறு துண்டைப் படித்தார். மிச்ச நாளெல்லாம் அடுத்து என்ன ஆகுமோ என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். புத்தகமே தொடாதவர் கையில் இன்று ஐந்து பாகத்தையும் மொத்தமாகக் கொடுத்தால் அது மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தினமும் அவரை முறைக்கும். கொடுப்பதென்றால் முதல் பாகத்தை மட்டும் கொடுக்கலாம். இரண்டாவது பாகத்தை அவரே வந்து கேட்கட்டும்.

புத்தகப் பரிசு என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது 1904இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் நடந்த சம்பவம். பரிசு வாங்கியவர் முப்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு வக்கீல். மாணவனாக இருந்தபோது பாடப்புத்தகத்துக்கு வெளியே அநேகமாக எதையும் படித்ததில்லை, பொது வேலையில் இறங்கிய பிறகு படிக்க நேரமே இல்லை என்று பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதியவர். ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையை நடத்துவதில் பணம் கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கைப் பார்க்க டர்பனுக்குப் புறப்பட்டார். வழியனுப்ப வந்தவர் ஹென்றி போலக், 22 வயதுப் பத்திரிகையாளர். ‘பயணத்தில் படியுங்கள், உங்களுக்குப் பிடிக்கும்’ என்று மட்டும் சொல்லி ஜான் ரஸ்கினின் ஒரு சிறிய நூலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்பது அதன் பெயர். 24 மணி நேர ரயில் பயணம். எடுத்த புத்தகத்தைக் காந்தியால் கீழே வைக்க முடியவில்லை. மாலையில் ரயில் டர்பன் போய்ச் சேர்ந்தது, அன்றிரவு அவருக்குத் தூக்கமும் வரவில்லை. பொழுது விடிந்தபோது வாழ்க்கையை மாற்றிக்கொள்வதென்று தீர்மானித்திருந்தார். அச்சகத்தை ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய், அங்கே எல்லோரும் உழைத்து, எல்லோரும் ஒரே கூலி வாங்குவது என்ற ஏற்பாடு அப்படிப் பிறந்தது. அதுதான் ஃபீனிக்ஸ் குடியிருப்பு. பிறகு அந்த நூலை குஜராத்தியில் சுருக்கி எழுதி ‘சர்வோதய’ என்று பெயரும் வைத்தார்.

புத்தகம் செய்த அற்புதம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் போலக்கின் பக்கம் நின்று பார்க்கிறேன். அவர் பார்த்திருக்கக்கூடியவை மூன்று. பயணம் போகிறவருக்கு ஒரு நாள் முழுக்க வேறு வேலை இல்லை. மனத்தை அரித்துக்கொண்டிருந்தது கூலி, உழைப்பு, அச்சகத்தின் நஷ்டம். அதையே பேசுகிற நூல் இது. அளவும் சிறியது. இந்த மூன்றும் தெரிந்திருந்தால் போதும், நாமும் நல்ல பரிசு கொடுக்க முடியும். தனக்குப் பிடித்த நூலைத்தான் போலக்கும் கொடுத்தார் என்று ஒருவர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் தனக்குப் பிடித்தவை பலவற்றில் இவருக்கு, இன்றைக்கு, எது பொருந்தும் என்று பார்த்து எடுத்திருப்பார்.

நேரம் கிடைத்தபோது அதே வக்கீல் எப்படிப் படித்தார் என்பதற்குப் புனேயே சாட்சி. 1922 மார்ச்சில் ராஜதுரோக வழக்கில் தண்டனை பெற்று ஏரவாடா சிறைக்கு வந்த காந்தி, 1924 பிப்ரவரியில் விடுதலையாகும் வரை மகாபாரதம் முதல் கிப்பனின் ரோமாபுரி வரலாறு வரை படித்துத் தள்ளினார். படிக்க நேரமில்லை என்பது பல பெரியவர்களின் விஷயத்தில் சாக்கு அல்ல, நிஜம்.

இனி புனே தமிழர்களின் கதைக்கு வருகிறேன். ராஸ்தா பேட்டை, கட்கி, தாபோடி, பிம்ப்ரி என்று இந்த ஊரில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ராணுவம், வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே என்று வேலைக்கு வந்து தங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இப்போது ஹிஞ்சவாடியின் கணினி நிறுவனங்களுக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இவர்களில் ஒருவருக்குப் புத்தகம் வாங்கப் போனால் முதல் கேள்வி, எந்த மொழியில் என்பது. வீட்டில் மணிமணியாகத் தமிழ் பேசுவார்கள். படித்தது மராத்தியில் அல்லது ஆங்கிலத்தில். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் நிறுத்தம் தாண்டிவிடும். அவரிடம் தமிழ் நாவலைக் கொடுப்பது, அன்போடு கொடுத்தாலும், அவருடைய குறையைத்தான் நினைவூட்டும்.

கட்கியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புத்தகம் என்றால் கையை உதறுவார். ஆனால் காலையில் அவரைப் பார்க்க வேண்டும். மராத்தி நாளிதழ் ‘சகாள்’ வந்ததும் திண்ணைப் படியில் உட்கார்ந்து அதை நாலாக மடிப்பார். முதல் பக்கத்தில் தொடங்கி, ஊர்ச் செய்தி, வாசகர் கடிதம், நீத்தார் அறிவிப்பு வரை ஒரு வரி விடமாட்டார். பென்சிலால் அங்கங்கே கோடு வேறு போடுவார். இவரைப் படிக்காதவர் என்று எப்படிச் சொல்வது?

அவருடைய தம்பி மகன் ஒரு நாள் வெங்கடேஷ் மாட்கூள்கரின் ‘பன்கர்வாடி’யை மராத்தியிலேயே வாங்கிக்கொண்டு வந்தான். 1955இல் வந்த நாவல். ஒல்லியானது. ஆடு மேய்ப்பவர்கள் வாழும் ஒரு வறண்ட கிராமத்துக்கு இளவயது வாத்தியார் ஒருவர் வந்து சேர்கிறார். அவர் கண்ணால் பார்த்த ஊர்தான் நாவல் முழுவதும். தமிழிலும் வந்திருக்கிறது, அமோல் பாலேகர் படமாகவும் எடுத்தார்.

“எனக்கு எதுக்குடா புஸ்தகம்? கண்ணாடி போட்டாக்கூட எழுத்து ஊருது.”

“படிக்கணும்னு இல்ல பெரியப்பா. நம்ம ஊர்ப்பக்கம் மாதிரியே ஒரு ஊரு. சும்மா வச்சிருங்க.”

சில வாரம் கழித்து நான் போனபோது ‘சகாள்’ தாளுக்கு அடியில் அந்தப் புத்தகம் இருந்தது, பாதியில் பஸ் டிக்கெட் செருகியபடி. மழை இல்லாமல் ஊர் காயத் தொடங்கும் இடத்துக்கு வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “மழை பெஞ்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

எழுத்து ஊருது என்று அவர் சொன்னதையும் சும்மா விடக் கூடாது. ஐம்பது தாண்டியவர்கள் படிப்பதை நிறுத்துவதற்குக் கண் ஒரு முக்கியக் காரணம். கண்புரை தொடங்கியிருக்கும், வாசிப்புக் கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், டியூப்லைட் மங்கலாக இருக்கும். இதையெல்லாம் சொல்லக் கூச்சப்பட்டு, படிக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். கடையில் புத்தகத்தை எடுத்ததும் நடுவில் ஒரு பக்கத்தை விரித்து எழுத்தின் அளவைப் பாருங்கள். தாள் பழுப்பா வெள்ளையா, மைக்கும் தாளுக்கும் வேறுபாடு துலக்கமாக இருக்கிறதா, விரித்தால் முதுகு மடங்குகிறதா என்றும் பாருங்கள். மலிவுப் பதிப்பில் இருபது ரூபாய் மிச்சம் பிடித்து, பொடி எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் பரிசு வீண்.

முன்பு படித்து இப்போது விட்டவர்களுக்கு வேறு வழி உண்டு. அந்தக் காலத்தில் என்ன படித்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே வி. ஸ. காண்டேகரைப் படித்து வளர்ந்தது. கொல்ஹாப்பூரில் வாழ்ந்த மராத்தி எழுத்தாளர் அவர். கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பில் நம் எழுத்தாளராகவே ஆகிவிட்டார். ‘யயாதி’க்காக அவருக்கு ஞானபீடம் கிடைத்தது. எண்பது வயது அத்தை ஒருவருக்கு அவர் இருபது வயதில் படித்த காண்டேகரைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதை விட நல்ல பிறந்தநாள் பரிசு எனக்குத் தோன்றவில்லை.

படிக்காதவர்களை வாசகர்களாக்கும் கலையில் மராத்தியர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முதலாவது, தீபாவளி அங்க். 1909இல் காசிநாத் ரகுநாத் மித்ரா தம் ‘மனோரஞ்சன்’ பத்திரிகைக்குத் தீபாவளிச் சிறப்பிதழ் கொண்டுவந்தார். அன்று தொடங்கிய பழக்கம் இன்று பண்டிகையின் ஓர் அங்கமாகிவிட்டது. லட்டு, சக்கிலி என்னும் முறுக்கு, கந்தில் என்னும் விளக்குக் கூடு, கூடவே ஒரு தடித்த அங்க். வருடம் முழுக்கப் புத்தகக் கடைப் பக்கம் போகாதவரும் ஐப்பசியில் ஒன்றாவது வாங்குவார். அதில் கதை இருக்கும், கவிதை இருக்கும், கட்டுரை, ராசிபலன், கேலிச்சித்திரம் எல்லாம் இருக்கும். ‘ஆவாஜ்’ என்ற அங்க், ஜன்னல் மாதிரி திறந்து பார்க்கும் கேலிச்சித்திரங்களுக்காகவே பேர் வாங்கியது. எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். வீட்டில் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும் அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கும் போய்த் திரும்பி வரும். முடித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. நம்முடைய தீபாவளி மலர்களுக்கும் இந்தக் குணம் உண்டு. புத்தகம் வேண்டாம் என்பவருக்கு முதல் பரிசாக ஒரு மலரை நான் தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது, காது வழி. சங்கர் பாட்டீல், த. மா. மிராசதார், மாட்கூள்கர் மூவரும் மேடையில் உட்கார்ந்து தங்கள் கதைகளைத் தாங்களே சொல்லி மகாராஷ்டிரம் முழுக்கச் சுற்றினார்கள். கதாகதன் என்று அதற்குப் பெயர். பு. ல. தேஷ்பாண்டே ‘படாட்யாச்சீ சாள்’ புத்தகத்தை ஒற்றை ஆள் நாடகமாகவே நடத்தினார். அரங்கில் சிரித்தவர்கள் பிறகு புத்தகத்தை வாங்கினார்கள். அவர் குரல் பதிவுகள் இன்றும் புனேக் கார்களில் ஓடுகின்றன. வாகடிலிருந்து கட்ராஜ் வரை தினமும் நெரிசலில் வண்டி ஓட்டுகிறவரிடம் உட்கார்ந்து படி என்றால் எங்கே படிப்பார்? அவருக்கு ஒலிநூல் சந்தா கொடுப்பதும் புத்தகப் பரிசுதான். கேட்டுப் பழகியவர் பிறகு அச்சில் அதே ஆசிரியரைத் தேடுவது நடக்கிற காரியம்.

மராத்தி எழுத்தாளர் சானே குருஜியின் ‘சியாம்ச்சி ஆயி’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1933இல் நாசிக் சிறையில் எழுதப்பட்ட நூல். சியாம் என்பவன் தன் அம்மாவைப் பற்றி இரவுதோறும் நண்பர்களுக்குச் சொல்கிறான். அத்தியாயங்களுக்கே இரவு என்றுதான் பெயர். ஒரு நாளைக்கு ஓர் இரவு படித்தால் போதும், ஒவ்வொன்றும் தனிக்கதை. பிரித்துப் பிரித்துப் படிக்க இடம் கொடுக்கும் இந்தக் கட்டமைப்பு, பழக்கம் இல்லாதவருக்குப் பெரிய உதவி. ஆச்சார்ய அத்ரே அதைப் படமாக எடுத்தார். சிறந்த கதைப்படத்துக்கு இந்திய அரசு முதன்முதலாகக் கொடுத்த தங்கப் பதக்கத்தை வாங்கிய படம் அதுதான். இதே சானே குருஜி திருச்சி சிறையில் இருந்தபோது தமிழ் கற்று, திருக்குறளை மராத்தியில் கொண்டுவந்தார் என்பதைப் புனேயில் இருக்கும் தமிழர்கள் தங்கள் மராத்தி நண்பர்களிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சங்கராந்தியிலிருந்து ரதசப்தமி வரை மராத்தி வீடுகளில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும் சடங்கு நடக்கும். வருகிற பெண்களுக்கு வாண் என்று ஒரு சிறு பொருள் கொடுப்பார்கள். கிண்ணம், டப்பா, கைக்குட்டை என்று இருந்தது, இப்போது சில வீடுகளில் சின்னப் புத்தகமாக ஆகியிருக்கிறது. நம் வீட்டு நவராத்திக் கொலுவுக்கு இது அப்படியே பொருந்தும்.

எல்லாம் இப்படி இதமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் ஃபெர்குசன் கல்லூரி மைதானத்தில் நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கிய புனேப் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. அடுத்த ஆண்டு, நண்பகலில் ஒரு மணி நேரம் ஊரே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஓர் இயக்கமும் நடத்தினார்கள். நம் அப்துல் கலாமின் பிறந்தநாளான அக்டோபர் 15ஐ மகாராஷ்டிர அரசு 2015 முதல் வாசிப்பு ஊக்க நாளாகக் கொண்டாடுகிறது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து படித்தவர் மறுநாள் தனியாக உட்கார்ந்து படிப்பதற்கு, அவரை அறிந்த ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்த புத்தகம் வேண்டும்.

பிரிட்டன் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தது. 2006இல் ‘குயிக் ரீட்ஸ்’ என்ற வரிசை வந்தது. பெயர்பெற்ற எழுத்தாளர்கள், படிக்கப் பழகாத பெரியவர்களுக்காகவே சிறிய நூல்களை எழுதினார்கள். எளிய வாக்கியம், குட்டி அத்தியாயம், குறைந்த விலை, ஆனால் கதை பெரியவர்களுடையது. ‘வேர்ல்ட் புக் நைட்’ 2011இல் தொடங்கியபோது தன்னார்வலர்கள் வழியாகப் பத்து லட்சம் பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அவரவர் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு, படிக்காதவர்களைத் தேடிப் போனார்கள். தமிழில் அந்த வேலையை ஒரு காலத்தில் மாத நாவல்கள் செய்தன. பேருந்து நிலையக் கடையில் தொங்கிய ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் பத்து ரூபாய்க்குள் வாங்கிப் படித்துத்தான் எத்தனையோ பேர் வாசகர்களானார்கள். அவற்றை இளக்காரமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

தமிழ் படிக்கத் தெரிந்த, ஆனால் படிக்காத ஒருவருக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், ஆளைப் பார்த்துச் சொல்வேன். ‘அசுரன்’ படத்தை ரசித்தவருக்கு அதன் மூலமான பூமணியின் ‘வெக்கை’. கதை ஓட்டத்திலேயே தொடங்குவதால் முதல் பக்கத்தைத் தாண்ட வைக்க வேண்டிய சிரமம் இல்லை. தமிழ் எழுத்து தெரியாத மகளுக்கு ‘ஹீட்’ என்று என். கல்யாண் ராமனின் ஆங்கில வடிவம் உண்டு. ‘விசாரணை’ பார்த்துவிட்டுத் தூங்காதவருக்கு மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, கோவையில் ஆட்டோ ஓட்டியவர் தாமே அனுபவித்ததை எழுதியது. ஹிஞ்சவாடிப் பக்கம் அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளராக இருந்து, கோடையில் டேங்கர் எப்போது வரும் என்று போனும் கையுமாக நிற்பவருக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. ஒரே மாலையில் படித்துவிடலாம். அதன் நாயகி ஜமுனாவின் தெருவில் குடத்தோடு நிற்பவர்களை அவருக்கு உடனே அடையாளம் தெரியும். டிவியில் மகாபாரதம் விடாமல் பார்த்தவருக்கு, புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய இராவதி கார்வேயின் ‘யுகாந்த’. குந்தி, காந்தாரி, கர்ணன் என்று ஆளுக்கொரு கட்டுரை. பிடித்தவரிடமிருந்து தொடங்கலாம். விஞ்ஞானம் படித்தவருக்கு இந்த ஊரிலேயே வாழ்ந்து 2025இல் மறைந்த ஜயந்த் நார்ளீகரின் அறிவியல் கதைகள்.

கொடுக்கும் விதத்திலும் பாதி வேலை இருக்கிறது. பளபளப்புத் தாளில் சுற்றி, கூட்டத்துக்கு நடுவில் கொடுத்தால் அது பட்டயம் மாதிரி ஆகிவிடும். சாதாரணமாக, காபி குடிக்கிற நேரத்தில், ‘இந்த இடம் வந்ததும் உன் ஞாபகம் வந்தது’ என்று ஒரு பக்கத்தைக் காட்டிக் கொடுப்பது நல்லது. முதல் தாளில் அறிவுரை எழுத வேண்டாம். பெயர், தேதி, ஊர் போதும். ரசீதை உள்ளே வைத்து, பிடிக்காவிட்டால் கடையில் மாற்றிக்கொள் என்று சொல்லுங்கள். பல கடைகள் அழுக்காகாத பிரதியை மாற்றித் தரும். அப்படி மாற்றப் போகிறவர், வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அலமாரி முன் நிற்பார். முடிந்தால் நீங்களும் கூடப் போகலாம். பாஞ்ச்கணிக்கு அருகே உள்ள பிலார் கிராமத்துக்கு அழைத்துப் போவதையும் சொல்வேன். 2017 மே மாதம் புத்தகக் கிராமமாக அறிவிக்கப்பட்ட ஊர். வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் மராத்திப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம், வாங்க வேண்டியதில்லை, பாதியில் வைத்துவிட்டு ஸ்ட்ராபெர்ரி தோட்டம் பார்க்கப் போகலாம்.

கொடுத்த பிறகு, படிச்சாச்சா என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் இருக்க வேண்டும். அது கடினம், எனக்குத் தெரியும். காசு போட்டு, நேரம் போட்டுத் தேடிய புத்தகம் என்ன ஆயிற்று என்று அறியும் ஆசை இயல்பானது. ஆனாலும் கேட்ட நிமிஷமே அது வீட்டுப்பாடமாகிவிடும். அவர் உங்களைக் கண்டால் ஒதுங்கத் தொடங்குவார். அவர் திறக்காமலே போகலாம். அதற்காக வருந்த வேண்டாம். கைக்கு எட்டும் இடத்தில், டிவி மேஜையிலோ ஜன்னல் திட்டிலோ கிடக்கிற மெல்லிய புத்தகத்தை, மின்சாரம் போன ஒரு மதியம் அந்த வீட்டுப் பையனோ மருமகளோ எடுத்துப் புரட்டுவார்கள். அவர்களுக்காக நீங்கள் வாங்கவில்லை. ஆனால் அவர்கள்தான் முதலில் படித்து முடித்து, சாப்பிடும்போது அந்தக் கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.